மடித்திருந்த நான்கு வரி

26 நவம்பர், புதன்.

மில் மேலாளரிடம் எண்பத்திரண்டு கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தேன். தவறு. என்னைச் சேர்த்தால் எண்பத்து மூன்று.

முதலில் போட்டது நான்தான்.

மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் எங்களை வாசலில் நிற்க வைத்தார்கள். அரசியலமைப்பு நாள். முகப்புரையை நான் வரிவரியாக வாசித்தேன். மற்ற பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். நீதி. சுதந்திரம். சமத்துவம். சகோதரத்துவம் வந்தபோது பின்வரிசையில் ஒருத்தி, “அப்ப அது ஆம்பளைங்களுக்கு” என்றாள். சிரித்தோம்.

பிறகு மேலாளர் அட்டையில் செருகிய தாள்களை என்னிடம் நீட்டினார். முதல் தாளின் மேல்பகுதியைப் பின்னால் மடித்து கிளிப் போட்டிருந்தார்.

“மேல தேதியும் எடமுந்தாம்மா. நீ விவரமான பொண்ணு. வரிசையா வாங்கிக் குடுத்துரு.”

வாங்கினேன். வரிசை பிசகவில்லை.

ஆரோக்கியம் அக்கா மட்டும் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். கைக்குழந்தைக்காரி. மணி அடித்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறவள்.

“எதுக்குடி மடிச்சு வச்சிருக்கு?”

“வந்ததுக்கு அடையாளம்க்கா. வேற ஒண்ணுமில்ல.”

“நீ சொன்னாச் சரி.”

போட்டாள்.

போட்டித் தேர்வுக்காகப் போகும் மாலை வகுப்பில் இன்று அரசியல் நிர்ணய சபை பற்றிப் பாடம். குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கூடியது 1946 டிசம்பர் 9. பிரிவு பிரிவாக வாசித்தார்கள், வாதாடினார்கள், திருத்தினார்கள். ஏற்றது 1949 நவம்பர் 26. கையெழுத்திட்டது 1950 ஜனவரி 24.

கையெழுத்து கடைசியில்.

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

போன வாரம் மில்லில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். தொழிலாளர்கள் எழுத்தில் சம்மதித்தால், டிசம்பரிலிருந்து பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

திங்கட்கிழமைவரை ஒவ்வொரு பகுதியாக வந்து கேட்டார்கள். யாரும் சம்மதிக்கவில்லை.

நேற்று யாரும் கேட்க வரவில்லை. இன்றும் வரவில்லை. அறிவிப்பை மட்டும் கிழிக்கவில்லை.

ஒருவேளை நான் அதிகமாக நினைக்கிறேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன்.

ஆனால் தாள் வெயிலில் இருந்தபோது மடிப்பின் வழியே அச்சு தெரிந்தது. நான்கு வரி.

தேதிக்கும் இடத்துக்கும் நான்கு வரி வேண்டாம்.

பன்னிரண்டு மணி நேரம் என்றால் எனக்கு இந்த வகுப்பு போகும். அவ்வளவுதான். அக்காவின் பிள்ளைக்கு நான்கு மாதம். அது எவ்வளவு நேரம் பசி தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

நாளை:

காலை ஐந்தரைக்கே மில்லில் இருக்க வேண்டும். தாளை விரித்துக் காட்டும்படி மேலாளரிடம் கேட்க வேண்டும். காட்டாவிட்டால், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டு பிரதி எழுதிவிட்டேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், பஸ்ஸில் ஆரோக்கியம் அக்காவின் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த மடிப்பை நான் பிரித்துப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும்.