இன்னொரு பொட்டலம்

அமுதவல்லிக்கு வெள்ளைப்படுதலும் எரிச்சலும் மறுபடி வந்ததால், நர்ஸ் பிலோமினா இந்த முறை இரண்டு மாத்திரைப் பொட்டலங்களைக் கொடுத்தாள். “ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க வீட்டுக்காரருக்கு. படுக்கையில தொத்துற நோய்ம்மா. ரெண்டு பேரும் போடலைன்னா திரும்பத் திரும்ப வரும்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அமுதவல்லி ஒரு பொய்யைத் தயார் செய்தாள். வயிற்றுப் பூச்சிக்கு, தெருவில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். அவள் புருஷன் வேலாயுதம் தலைவலி மாத்திரைக்கே பத்துக் கேள்வி கேட்டு, அட்டையில் தேதி பார்த்து, கடைசியில் தைலமே போதும் என்பவன். சாப்பிட்டு எழுந்தவனிடம் பொட்டலத்தையும் தண்ணீரையும் நீட்டினாள். வாங்கி முழுங்கினான். எதற்கென்று கேட்கவில்லை. பொய் அவள் வாயிலேயே தங்கிவிட்டது.

செம்பைக் கீழே வைத்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“இன்னொரு பொட்டலம் கிடைக்குமா, வல்லி?”

மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் மறுபடி நின்றாள். “யாருக்கு?” என்றாள் நர்ஸ். “எங்க குடும்பத்துக்குத்தான், சிஸ்டர்.” நர்ஸ் இன்னொரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டவனின் பையில் பொட்டலத்தை அவளே வைத்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க. வெறும் வயித்துல போட்டா குமட்டும்.”