முனீர் ஏன் கேட்கவில்லை?

ஆம்பூரில் ரயில் கிளம்பியதிலிருந்து சைரா கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. முனீர் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அதுதான் அவர்கள் அப்பா அப்துல் கரீமுக்குப் புரியவில்லை.

பத்து வயதுப் பெண் வாய் ஓயாமல் நச்சரிக்கிறாள். ஏழு வயதுப் பையனோ ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். காக்காய்க்கு ஏன் பல் இல்லை என்று கேட்டு வீட்டில் உயிரை வாங்குகிறவன் இவன்.

"எங்க அத்தா போறோம்?" என்றாள் சைரா, ஏழாவது தடவையாக.

"போனா தெரியும்," என்றார் கரீம்.

அவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதாக இரண்டு முறை வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு முறையும் கடைசி நேரத்தில் முதலாளி லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார். சைரா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முனீர், "பரவால்ல அத்தா," என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். கரீமுக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது முறையும் ஏமாந்தால் பிள்ளைகள் தன்னை நம்பவே மாட்டார்கள் என்று பயந்தார். அதனால் இந்தத் தடவை அவர்கள் காலில் தண்ணீர் படும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். மனைவி முனவ்வர் பேகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

குடியாத்தம் தாண்டியது. அப்படியானால் அத்தை வீடு இல்லை. காட்பாடியும் தாண்டியது. வேலூர்க் கோட்டையும் இல்லை. சைரா ஒவ்வொன்றாக விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். அரக்கோணத்தில் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இங்க வாடயே இல்லியே," என்று ஆச்சரியப்பட்டாள். பிறந்ததிலிருந்து தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடையில் வளர்ந்தவள். அதற்குமேல் கடல் என்ற சொல்லை மட்டும் அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. இரண்டு முறை ஏமாந்தவள் அல்லவா.

முனவ்வர் பேகம் பாதாம் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தாள். சைரா தன் பங்கை முடித்துவிட்டுத் தம்பியின் பங்கையும் முடித்தாள். அல்வா என்றால் தாளையும் சேர்த்து நக்குகிற முனீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புதுச் சட்டையிலும் ஜரிகைத் தொப்பியிலும்கூட அவனுக்கு மனம் இல்லை. காலையில் தெருவே கூடி அவன் கன்னத்தைக் கிள்ளி, முத்தம் கொடுத்து வழியனுப்பியது. கிள்ளக் கிள்ள அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது கரீமுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஜுரம் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலி இல்லை என்று தலையாட்டினான். பின்னே என்னதான் பேஜார் இந்தப் பையனுக்கு?

ஒருவேளை விஷயம் தெரிந்துவிட்டதோ? மனைவியைப் பார்த்தார். தான் சொல்லவில்லை என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். அதுவும் சரிதான். தெரிந்திருந்தால் குதித்திருக்க மாட்டானா?

பட்டணத்தில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்தார்கள். குதிரையைப் பார்த்ததும் முனீர் அம்மாவின் துப்பட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கடற்கரையில் வெயில் தாழ்ந்திருந்தது. சைரா செருப்பை உதறிவிட்டு அலையை நோக்கி ஓடினாள். கரீமுக்கு நெஞ்சு நிறைந்தது. பாதி நெஞ்சுதான். மீதிப் பாதி மணலில் அசையாமல் நின்றது.

முனீர் கடலைப் பார்க்கவே இல்லை. சுற்றியிருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டல் விற்கிறவனை, குடை பிடித்த கிழவரை, பையோடு போன ஒரு தாடிக்காரரை.

கரீம் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இன்னாடா ராஜா? எதுனா கேளேன்."

முனீர் அந்தத் தாடிக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இதுல ஒஸ்தா யாரு அத்தா?"

சுன்னத்து செய்கிற ஒஸ்தாவைத்தான் கேட்கிறான். போன வருஷம் எதிர்வீட்டு நிசாருக்கும் இப்படித்தான் நடந்தது. புதுச் சட்டை, அல்வா, கன்னத்தில் முத்தம், குதிரை ஊர்வலம். எங்கே போகிறோம் என்று கேட்டவனுக்கு, போனா தெரியும் என்றுதான் பதில் சொன்னார்கள். போனான். தெரிந்தது. அவன் அழுத அழுகை நாலு தெருவுக்குக் கேட்டது.

கரீம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட பைத்தியம், இங்க ஏதுடா ஒஸ்தா? கடலு பாக்க வந்திருக்கோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

முனீர் அப்போதுதான் திரும்பிக் கடலைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் கரீம் இத்தனை நாள் தவித்தார். பையன் அக்காவை நோக்கிச் சிட்டாய்ப் பறந்தான்.

கரீம் சிரித்துக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினார். முனவ்வர் பேகம் சிரிக்கவில்லை.

அவருக்கும் சிரிப்பு நின்றது. இரண்டு முறை லீவு தராத முதலாளி இந்த முறை கேட்டவுடன் சேர்ந்தாற்போல் பத்து நாள் தந்தது, பையனுக்கு சுன்னத்து என்று சொன்னதால்தான். அது பொய்யும் இல்லை. ஒஸ்தாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறித்தாயிற்று. புதுச் சட்டை அதற்காகத் தைத்தது. தெருவில் கன்னத்தைக் கிள்ளியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு சந்தோஷத்தைக் காட்டிவிடலாம் என்றாள் முனவ்வர். ஊர் திரும்பும்வரை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றார் கரீம். எடுக்காமல் இருந்து இருந்து மறந்தே போயிருந்தார். பையன் போட்ட கணக்கு சரிதான். நாள்தான் ஒரு வாரம் தள்ளி, அடுத்த வெள்ளிக்கிழமை.

முனீர் நனைந்த கைலியோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அடுத்த வெள்ளிக்கிழம உங்களுக்கு லீவுதானே அத்தா? அன்னிக்கும் இங்க வர்லாமா?"

கரீம் குனிந்து அவன் கைலியைப் பிழிய ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்காமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் இருந்தது.