ஹெலன் போட்ட சிலுவை

பதருன்னிசா சொன்ன அந்தக் கதையை ஏசுபாதம் முழுசாக நம்பியதே இல்லை. பொய் என்று தள்ளவும் முடியவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

மறைமலைநகர் கம்பெனியில் ஆள் குறைத்ததில் அவருக்கு வேலை போன சமயம் அது. ஊரப்பாக்கம் ஃபிளாட்டில் அவர் வீட்டுக் கதவுக் கம்பியில் அடிக்கடி ஒரு கட்டைப்பை தொங்கும். உள்ளே ரவை, சேமியா, பருப்பு, டீத்தூள்.

எதிர்வீட்டுப் பதருன்னிசாவைக் கேட்டால், "முட்டுக்காட்டுலருந்து ஒரு பெரியவரு வந்து மாட்டிட்டுப் போனாரு தம்பி. பேரு சொல்லமாட்டேன்னுட்டாரு" என்பார்.

வேறு வேலை கிடைத்த பிறகும், முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ஏசுபாதம் வயசானவர்களின் முகத்தைப் பார்ப்பார். அவர்களில் யாரும் ஏசுபாதத்தைத் தெரிந்தவர்போல் திரும்பிப் பார்த்ததில்லை. இன்னொன்றும் உறுத்தும். அத்தனை சாமானும் ஏன் கவரே இல்லாமல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் வந்தது?

இன்று காலை மனைவி ஹெலன் வாசலிலிருந்து விடுவிடுவென்று உள்ளே வந்தாள்.

"என்னாங்க, உங்க அக்கா பண்ற வேலையைப் பாத்தீங்களா? நான் குப்பை வண்டிக்கு வெச்ச பையைக் கிளறிக்கினு கீது."

"யாரு?"

"பதருன்னிசாதான். என் கண்ணால பாத்தேன். ரவை, சேமியா எல்லாத்தையும் பொறுக்கிக்கினு போயிடுச்சு. மெத்தைக் கடை வெச்சிருக்கற வூடு. கேவலமா இல்ல?"

பாக்கெட்டில் அச்சடித்த தேதிதான் ஹெலனுக்கு வேதவாக்கு. அது தாண்டினால் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. தெரியாமல் யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாதாம். "அம்மா இன்னைக்கு யாரைச் சிலுவையில அறைஞ்சாங்க?" என்று மகள் சிநேகா கேலி பேசுவாள். வேலை இல்லாத அந்த நாட்களிலும் ஹெலன் இதை விடவில்லை. வியாதி வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் அழுவது என்பாள்.

"எதுக்கு எடுத்தாங்கன்னு கேட்டியா?"

"இன்னாத்த கேக்குறது? அதைத்தானே ஆக்கி நம்மளுக்கும் மூடி அனுப்பிச்சிருக்கும். பெருநாளைக்கு வந்த சேமியா பாயசத்தை ரெண்டு தபா வாங்கிக் குடிச்சீங்களே, அதுகூட இதுதான். போய் சொல்லிட்டு வாங்க. இனிமே அந்த வூட்டுத் தட்டு இங்க வரக்கூடாது. நம்ம தட்டும் அங்க போவாது."

கிறிஸ்துமஸ் கேக்கும் பெருநாள் பிரியாணியும் இத்தனை காலம் போய்வந்த வாசல். எட்டி வைத்தால் எதிர்வீடு. ஏசுபாதம் தயங்கித் தயங்கித்தான் போனார்.

கதவு திறந்தேதான் இருந்தது. சமையற்கட்டில் பதருன்னிசா ரவை பாக்கெட்டைக் கத்தரித்து, முறத்தில் கொட்டிப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. ஹெலன் பாத்துட்டா இல்ல? அவ மூஞ்சைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு."

"நாள் முடிஞ்ச சாமானாச்சே அக்கா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

பதருன்னிசா காலிக் கவரை நீட்டினார். "நாள் முடிஞ்சுதுன்னு எங்க போட்டுகீது, படி."

"பெஸ்ட் பிஃபோர்..."

"அதுவரைக்கும் ருசி, மணம் முழுசா இருக்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான். மறுநாளே விஷமாயிடும்னா சொல்றான்? பிரிக்காத பாக்கெட்டு, ஈரம் படல. மோந்து பாப்பேன், பூச்சி பாப்பேன், மொதல்ல எங்க வூட்டுலதான் ஆக்குவேன். எங்க வூட்டுக்காரரு சாப்ட்டு நல்லாகீதுன்னா அப்பால அடுத்தவங்களுக்கு. 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி'ன்னு போட்டு நாள் தாண்டியிருந்தா தொடவே மாட்டேன். உங்க வூட்டுப் பனீர் பாக்கெட்டு அந்தக் குப்பைப் பையிலயேதான் கெடக்குது, போய் பாரு."

ஹெலன் எண்களைத்தான் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் இருக்கும் வார்த்தையை ஏசுபாதமும் இதுநாள்வரை படித்ததில்லை.

பதருன்னிசா ரவையை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி மூடினார். பக்கத்தில் சேமியா பாட்டில், பருப்பு பாட்டில். கீழே ஒரு கட்டைப்பை வாய் திறந்து கிடந்தது.

"இதெல்லாம் யாருக்கு அக்கா?"

"கீழ் வூட்டுக் கலைவாணனுக்குத்தான். வேலை போயி வூட்டுலயே குந்திகினு கீறான், பாவம். கையில குடுத்தா வாங்கமாட்டான், ரோசக்காரன். கவரோட குடுத்தா அவன் பொண்டாட்டி தேதியைப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவா. பாட்டில்ல போட்டு மாட்டிட்டு, முட்டுக்காட்டுலருந்து ஒரு பெரியவரு வந்தாருன்னு..."

பதருன்னிசா சட்டென்று நிறுத்தினார். யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அடுத்த பாட்டிலை எடுத்து, துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"என்னாங்க, சொல்லிட்டீங்களா இல்லையா?" எதிர்வீட்டிலிருந்து ஹெலனின் குரல்.

ஏசுபாதம் மேடையில் கிடந்த கவர்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சிலுவை. ஒன்றை எடுத்து நீவிவிட்டார்.

"அக்கா," என்றார் மெதுவாக, "அன்னைக்கு எங்க வூட்டுக்கு வந்துச்சே சாமானு, அந்தக் கவருலயும் எங்க ஹெலன் போட்ட சிலுவைதான் இருந்துச்சா?"