கறுப்புப் பை

போடிமெட்டுச் சரிவில், ஏலத்தோட்டத்து வீட்டின் ஜன்னலில் காலை மூடுபனி வந்து நிற்கிறது. பவதாரணி மடிக்கணினியிலிருந்து வயரைப் பிடுங்கி ஐந்தாம் முறையாகச் செருகுகிறாள். வயரின் மறுமுனையில், அனிமேஷன் படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு இருக்கும் இரும்புப் பெட்டி. திரையில் அந்தக் கார்டின் பெயர் வரவே மாட்டேன் என்கிறது. இரவெல்லாம் ஓடி முடிந்திருக்க வேண்டிய அனிமேஷன் பாதியில் நிற்கிறது; மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் இந்த வேலையும் கையைவிட்டுப் போய்விடும். பெட்டியின் மேல், ஏலக்காய் மூட்டைக்குள் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் பை இளகி ஒட்டிக் கிடக்கிறது. தீய்ந்த நாற்றம் அறையை விட்டு அகலவில்லை. “ராத்திரி பனி எறங்குச்சு ஆத்தா. காய் மாதிரி நமுத்துப் போயிருமேன்னு நாந்தான் பைக்குள்ள வச்சு, வயரோட சேத்து வாயை இறுக்கிக் கட்டினேன்” என்கிறார் அப்பா சின்னச்சாமி. ஒட்டிய பிளாஸ்டிக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறார். பெட்டிக்குள் காற்றாடி கறகறவென்று சுழலத் தொடங்குகிறது. அவர் முகம் சட்டென்று மலர்கிறது. “சுத்துது பாரு! உசுரு இருக்குல்ல?” காற்றாடி சுற்றும், ஆனால் பைக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் வெந்துபோன கார்டு இனி எழாது. அவளுக்குத் தெரியும். “இருக்குப்பா” என்கிறாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக, வயரை மறுபடியும் பிடுங்கிச் செருகுகிறாள்.