கொழும்பு மிஸ்

“தோட்டத்து லயத்துல பொறந்தவளுக்கு ஒன்லைன்ல கணக்கியல் படிப்பாம்! மொதல்ல பத்தையும் நாலையும் கூட்டத் தெரியுமாடி ஒனக்கு?”

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வந்த லோகேஸ்வரி, போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். “தெரியுங்க கிளாக்கரய்யா. இன்னிக்கு வெள்ளன நிறுத்து அனுப்புனீங்கன்னா நல்லது. டவுன்ல ஒரு வேல இருக்குங்க.”

“ஒனக்கென்னடி டவுன்ல வேல? கண்காணி, இவ கூடய கடைசியா நிறுங்க!”

சொல்லிவிட்டு கிளாக்கர் சிதம்பரநாதன் பைக்கை ஹட்டன் டவுனுக்கு விட்டார். அதே கணக்கியல் படிப்பை அவரும் முடித்தால்தான் பெரிய கிளாக்கர் வேலை என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். படிப்புக்கு எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைகளில் இதுவரை ஐந்தையும் காசுக்கு எழுதித் தந்தது, டவுனில் இன்டர்நெட் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடைக்காரர் பிடித்துக்கொடுத்த ஒரு கொழும்பு மிஸ். கடைசி ஒப்படையை இன்று ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

கடைக்குள் நுழைந்தபோது மணி ஐந்தே முக்கால்.

“மிஸ் அனுப்பிட்டாங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“கொழும்புல அப்பிடி என்னதான் செய்றாங்களாம்?”

கடைக்காரர் நெளிந்தார். “கொழும்புன்னு சும்மா சொன்னேங்க. இல்லாட்டி நீங்க காசு குடுத்திருப்பீங்களா? ஒங்க தோட்டத்துப் புள்ளதான். வெள்ளன வந்து இங்க டைப் அடிச்சுத் தாறேன்னுச்சு. எவனோ ஒரு கூறுகெட்டவன், அது கூடய கடைசியா நிறுக்கச் சொல்லிட்டானாம்.”