சர்க்கரைத் திருடர்

“சுகர் முந்நூத்திப் பத்து, சிஸ்டர். காலையில என் கையாலயே பார்த்தேன். மனுஷன் எதையோ திருடித் தின்னிருக்கார்” என்று நர்ஸிடம் பொரிந்து தள்ளினாள் மனைவி.

பைபாஸ் முடிந்து வீடு திரும்பி, இன்று ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்திருந்த கணவர் திருதிருவென விழித்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ஷேவிங் டப்பாவுக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைத்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு சத்தியமாக ஒரு துளி இனிப்புகூட நாக்கில் பட்டதில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

“சுகர் இப்படியே ஏறினா தையல் போட்ட இடம் ஆறாது, மறுபடி வார்டுலதான் படுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். இவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

அவள் கைப்பைக்குள் வெகுநேரம் துழாவிக் கைக்குட்டையை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள், வாயையும் துடைத்துக்கொண்டாள்.

“தூக்கத்துல எழுந்து தின்னுடறேனோ என்னவோ” என்று முனகினார் கணவர். பாவம், அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

நர்ஸ் அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவிவரச் சொல்லி, விரலில் குத்திப் பார்த்தாள். நூற்று முப்பது.

“உங்க மெஷின் ரிப்பேரா இருக்கும்” என்றாள் மனைவி.

“சரி, வீட்டுல எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே உங்க மெஷின்ல பார்த்துக் காட்டுங்க.”

மனைவி மறுபடியும் கைப்பைக்குள் துழாவித் தன் மெஷினை எடுத்தாள். கணவரின் அடுத்த விரலைப் பாசத்தோடு பிடித்து, நுனிவரை அழுத்தி உருவிவிட்டுக் குத்தினாள். முந்நூறைத் தாண்டியது.

“பார்த்தீங்களா, நான் சொல்லலை?”

நர்ஸ் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்றிருந்தது. கணவர் குனிந்து மோந்து பார்த்தார்.

“சாக்லேட்” என்றார். மாதக்கணக்கில் ஏங்கிக் கிடந்த மூக்கு, தப்புமா?

“உங்க விரல்ல இருந்து ஒட்டினதைத்தாம்மா மெஷின் இத்தனை நாளாக் காட்டியிருக்கு. ஐயாவுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்.”

அப்பாடா என்று கணவர் எழுந்தார். மனைவியும் கைப்பையை இறுக அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

நர்ஸ் புது ஊசி ஒன்றைப் பிரித்தாள்.

“கையைக் கழுவிட்டு நீங்க உட்காருங்கம்மா.”