படுத்துப் பார்த்து வாங்குங்கள்

"யோவ், இது மெத்தைக் கடையா, சத்திரமா?"

முதலாளி தன் செல்போனை மேஜைமேல் திருப்பி வைத்தார். கடைக் கேமராவில் பதிவானது ஓடியது. மூலைக் கட்டிலில் ஓர் அம்மாள் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் நம்ம பஞ்சுவேதான்.

கடையில் அவருக்கு அதுதான் பெயர். பேச்சு, நடை எல்லாமே மெத்தென்று இருப்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது.

"படுத்துப் பார்த்து வாங்குங்கன்னு நாமதானே சார் போர்டு வச்சிருக்கோம்?" என்றார் பஞ்சு.

"படுத்துப் பார்க்கத்தான்யா சொன்னேன், குடித்தனம் நடத்தச் சொல்லலை. ஒரு மாசமா தினம் மத்தியானம் வந்து குறட்டை விட்டுட்டுப் போகுது அந்தம்மா. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? இன்னிக்கு அந்த மெத்தையை அவங்க தலையில கட்டு. முடியலையா, நாளையிலேர்ந்து நீ வராதே."

பஞ்சு மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்பத்தெட்டு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? மூத்த பெண் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். முதலாளி சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அந்த அம்மாளால் கடைக்கு நஷ்டம் என்று சொன்னால் சொன்ன வாய் அழுகிப் போகும். "அங்க பாருங்க, எப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறாங்க!" என்று அவரைக் காட்டியே பஞ்சு மூன்று மெத்தை விற்றிருக்கிறார்.

மத்தியானம் கடை காலியானதும் வழக்கம்போல அந்த அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கைப்பையைத் தலைமாட்டில் வைத்தார்.

"நேத்து ராத்திரி எப்படிம்மா?"

"அதே பாட்டுதான் தம்பி. படுத்ததும் கொஞ்சம் கண்ணு அசரும், அப்புறம் பொசுக்குனு முழிப்பு வந்துடும். விடியற வரைக்கும் ஃபேன் சுத்தறதைப் பாத்துட்டுக் கிடக்கேன். பால் குடிச்சாச்சு, மாத்திரை போட்டாச்சு, நூறுலேர்ந்து தலைகீழாவும் எண்ணிப் பாத்தாச்சு. நீங்க இங்கதானே இருப்பீங்க? எங்கயும் போயிட மாட்டீங்களே?"

தினமும் இதைக் கேட்காமல் படுக்க மாட்டார். கைப்பைமேல் அவ்வளவு கவலை என்று நினைத்து, பஞ்சுவும் ரேடியோவைத் தணித்துவிட்டு ஸ்டூலை அங்கேயே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இன்று ரேடியோப் பக்கம் போகாமல் எதிரே வந்து நின்றார்.

"தப்பா நினைக்கக் கூடாதும்மா. இந்த மெத்தை உங்களுக்கு ராசியா இருக்கு. பேசாம இதையே வாங்கிடுங்களேன், ராத்திரியும் இதே மாதிரி தூங்கலாம்ல?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

"ஒரு மாசமா இதையேதான் சொல்றீங்க." பஞ்சு மென்று விழுங்கினார். "மொதலாளி பாத்துட்டாரும்மா. இன்னிக்கு இது விக்கலைன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாரு."

அந்த அம்மாள் மெத்தையைத் தடவிப் பார்த்தார்.

"வாங்கிட்டா அப்புறம் இங்க வந்து படுக்க முடியாது, இல்ல?"

"வாங்கினப்புறம் இங்க எதுக்கும்மா வரணும்? வீட்டுலயே ஜம்முனு தூங்குங்க!" என்று சிரித்தார் பஞ்சு.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து கார்டை நீட்டினார். விலைகூடப் பேசவில்லை. அன்றைக்குத் தூங்காமலே கிளம்பிப் போனார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, கேட்டாத்தான்யா கிடைக்கும்! நீயே வேன்ல கூடப் போய் இறக்கிட்டு வா."

சாயங்காலம் பஞ்சுவும் வேன் டிரைவரும் மெத்தையைச் சுமந்துகொண்டு மூன்றாவது மாடி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மெத்தையை வாசலில் சாய்த்துவிட்டு, வண்டியை வழியில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி டிரைவர் கீழே ஓடினார்.

"வீட்டுல யாராவது இருந்தா கூப்பிடுங்கம்மா. ஒரு கை பிடிச்சா உள்ள கொண்டுபோயிடலாம்."

"யாரும் இல்லையே தம்பி. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பிள்ளை வெளிநாட்டுல. நான் மட்டும்தான்."

பஞ்சுவுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் இத்தனை நாளாக வீட்டில் யாரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக இருந்தார்? எப்படியோ மெத்தையைத் தானே இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினார்.

கட்டிலில் ஏற்கெனவே ஒரு மெத்தை கிடந்தது. அதே கம்பெனி, அதே ரகம், ஓரத்தில் அதே நீலக் கரை. புத்தம் புதுசு.

"என்னம்மா இது? இதை வீட்டுல வச்சுக்கிட்டா கடைக்கு வந்தீங்க?"

"தூக்கம் வரலைன்னு போன்ல பிள்ளைகிட்ட சொன்னேன். உடனே ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பிட்டான். தங்கமான பிள்ளை."

"அப்போ இன்னொண்ணு எதுக்கும்மா?"

"உங்க வேலை போயிடக் கூடாதே தம்பி."

பஞ்சு புது மெத்தையைச் சுவரோரம் சாய்த்தார். இரண்டு மெத்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒரே ஸ்பிரிங், ஒரே ஃபோம். இதுல வராத தூக்கம் எங்க கடையில மட்டும் எப்படி வந்துச்சு?"

"அங்க நான் கண்ணை மூடினப்போ, பக்கத்துல நீங்க முழிச்சிட்டு இருந்தீங்களே தம்பி."